கூகைக்கட்டுக்குப் பின் அடைத்த காது: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"காது அடைச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒலி உள்ளே போகும் வழி மறிபட்டிருக்கலாம்: காதுக்குறும்பி, நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை. அல்லது வழி திறந்தே கிடக்க, ஒலியை வாங்க வேண்டிய உட்காது வேலையை விட்டிருக்கலாம். முதலாவது பெரும்பாலும் ஆறும். இரண்டாவதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு உண்டு. நோயாளிக்கு இரண்டும் ஒரே உணர்வுதான். தண்ணீர் புகுந்தது போல, பஞ்சு வைத்தது போல. பிரித்தறிவது பார்ப்பவரின் பொறுப்பு.

கீழே வருவது தனி ஒருவரின் கோப்பு அல்ல. கிளினிக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வகை நிகழ்வைப் பாடத்துக்காக ஒன்றாகக் கட்டியது.

நோயாளி

36 வயது ஆண். எடை 62 கிலோ. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் காசாளர். சலரோகம், பிறஷர் இல்லை. முன்பு காது வருத்தம் எதுவும் இருந்ததில்லை. சிறு வயதில் போட்ட ஊசிகளின் அட்டை கையில் இல்லை. இருந்திருந்தாலும் அதில் கூகைக்கட்டுக்கு (கன்னத்தை வீங்கவைக்கும் வைரஸ் நோய், மம்ப்ஸ்) இடம் இருந்திருக்காது. இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2011இல்தான். இன்று 9 மாதத்திலும் 3 வயதிலும் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் வளர்ந்தவர்களில், சிறுவயதில் கூகைக்கட்டு வந்து போகாமலும் தனியாரிடம் ஊசி போடாமலும் விட்டவர்கள் இன்னும் பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள். இவர் அப்படி ஒருவர். அவருடைய 4 வயது மகளுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. வீட்டில் நோய் வந்தது தகப்பனுக்கு.

நடந்த வரிசை

கன்னம் வீங்கிய நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம்.

1ஆம் நாள்: காய்ச்சல், வலது கன்னத்தின் பின்பக்கம் வீக்கம். வீக்கம் காதுமடலின் அடிக்குக் கீழே இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் காதுச்சோணை வெளியே தள்ளியபடி தெரிந்தது. பல்லில் வந்த வீக்கம் தாடை எலும்பின் மேல் உட்காரும், தாடைக் கோணத்தை மறைக்காது. காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்டின் வீக்கம் தாடைக் கோணத்தையே மூடிவிடும். விரலால் தடவிப் பார்த்தாலே போதும். இவர் அதைக் கடைவாய்ப் பல் என்று நினைத்து மருந்துக்கடையில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டார். வீட்டில் சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். அதனால் கெடுதல் இல்லை.

3ஆம் நாள்: இடது கன்னமும் லேசாக வீங்கியது. புளிப்பு எதையாவது வாயில் வைத்தால் காதடியில் சுரீரென்று வலி. இதுவும் சுரப்பியின் அடையாளம்தான்.

6ஆம் நாள்: விடியற்காலை எழும்பியபோது வலது காது அடைத்திருந்தது. விடாத இரைச்சல். படுக்கையில் திரும்பினால் அறை சுற்றியது. மூன்று தடவை வாந்தி. மாலையில் தலைச்சுற்று குறைந்தது, காது அப்படியே. வீட்டில் இதைக் காய்ச்சல் பலவீனம் என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் இந்த ஒரு நாளில்தான் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

7ஆம் நாள்: பக்கத்துக் கிளினிக். "டொக்டர், வலது பக்கம் தண்ணி போன மாதிரி இருக்கு, போனை வச்சா ஒண்ணுமே கேக்குதில்ல." காதுக்குள் பார்த்தபோது கொஞ்சம் குறும்பி இருந்தது. "கன்ன வீக்கம் காதை அமத்துது, குறும்பியும் இருக்கு" என்று 5 நாளுக்குத் துளிமருந்து கொடுக்கப்பட்டது.

குறும்பி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது காதுக்குழாயை முழுவதும் அடைத்தால்தான் கேட்கும் திறனைக் குறைக்கும். அப்போதும் குறைவு சுமார் 30 முதல் 40 டெசிபெல் வரைதான். போனில் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்றால் அது குறும்பியின் கணக்கு அல்ல. ஓரத்தில் ஒட்டியிருக்கும் குறும்பியைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வது இத்தகைய நிகழ்வுகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

12ஆம் நாள்: துளிமருந்து முடிந்தும் மாற்றமில்லை. செவிப்புலன் கருவி விற்கும் ஓர் இடத்தில் ஓடியோகிராம் எடுத்தார்; எவ்வளவு சிறிய ஒலி வரை கேட்கிறது என்பதை டெசிபெலில் அளக்கும் சோதனை அது, எண் கூடினால் கேட்பது குறைவு. வலது காதில் காற்று வழி (ஹெட்போனில்) 55 முதல் 65 டெசிபெல், எலும்பு வழி (காதுக்குப் பின் எலும்பில் வைத்து) 5 முதல் 10. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. தாளில் "நடுக்காதுக் குறைபாடு" என்று எழுதியிருந்தது. மூக்குச் சொட்டும் சளிக்கு மாத்திரையும் தொடங்கினார்.

17ஆம் நாள்: காது, மூக்கு, தொண்டை கிளினிக். காது கேட்காமல் போய் 11 நாள்.

இசைக்கவை சொன்னது

512 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்று; தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரும்புக் கவை. பாடசாலை விஞ்ஞான கூடத்தில் கிடக்கும் அதே சாமான். 256 ஹேர்ட்ஸ் கவையை எடுத்தால் நோயாளி அதிர்வை உணர்வதையே கேட்பதாகச் சொல்லிவிடுவார், அதனால்தான் 512. மேசையில் அடிக்கக் கூடாது, மேலதிக சுரங்கள் கலக்கும். முழங்கையிலோ முழங்காலிலோ தட்டி, அடிக்கம்பை நெற்றியின் நடுவில் அழுத்தி வைத்து ஒரே கேள்வி: "சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

இடது பக்கம் என்றார். நல்ல காது.

இதன் பொருளை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் பொத்திய காதுக்குள் போய் உட்காரும். வழி அடைபட்ட காதில் எலும்பு வழி வரும் ஒலி கூடுதலாகக் கேட்கும். ஆகவே அடைப்பு என்றால் கவையின் சத்தம் அடைத்த பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் அடைத்தது வழியல்ல, உட்காதோ நரம்போ. கவை இல்லாத இடத்தில் நோயாளியையே முனகச் சொல்லலாம். தொலைபேசியில்கூடக் கேட்டுப் பார்க்கலாம். 7ஆம் நாள் இதைச் செய்ய அரை நிமிடம் போதுமாயிருந்தது.

அடுத்து கவையைக் காதுக்கு முன்னும் காதுக்குப் பின் எலும்பிலும் வைத்து எங்கே பலமாகக் கேட்கிறது என்று கேட்கும் சோதனை. இவருக்கு வலது பக்கம் எலும்பில்தான் கேட்டது. அது மட்டும் இருந்தால் நடுக்காதுக் குறைபாடு என்றே படிக்கத் தோன்றும். ஆனால் எலும்பில் வைத்த ஒலி மண்டை ஓட்டைத் தாண்டி இடது காதுக்குப் போய்விடுகிறது. கேட்பது இடது, கையைத் தூக்குவது வலதுக்காக. முழுவதும் செத்த காதில் இந்தச் சோதனை பொய் சொல்லும். நெற்றிச் சோதனையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் ஓடியோகிராம் ஏன் தவறியது

12ஆம் நாள் தாளும் இதே பொய்யைத்தான் எண்களாக எழுதியிருந்தது. ஹெட்போன் வழியாக வலது காதுக்குக் கொடுக்கும் ஒலி, பலம் கூடக் கூட, மண்டை ஓட்டின் வழியே இடது காதுக்குக் கசியும். குறைந்தபட்சம் 40 டெசிபெல், பெரும்பாலோருக்கு 50 முதல் 60 வரை போனதும் கசிவு தொடங்கிவிடும். எலும்பு வழி ஒலிக்கு அந்தத் தடையே கிடையாது. வலது எலும்பில் வைத்தாலும் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய சமமாகப் போகும். ஆகவே இடது காது நன்றாக இருக்கும் ஒருவருக்கு, வலது காது முற்றாகச் செத்திருந்தாலும், காற்று வழி 55-65, எலும்பு வழி 5-10 என்றுதான் தாள் காட்டும். அது வலது காதின் வரைகோடு அல்ல. இடது காதின் நிழல்.

நிழலை அழிக்கத்தான் மறைப்பு ஒலி. இடது காதுக்குள் இரைச்சலைச் செலுத்தி அதை வேலையில் வைத்துக்கொண்டு வலதைச் சோதிக்க வேண்டும். நோயாளிக்கு முதலில் இப்படிச் சொல்வது நல்லது: "இடது பக்கம் மழை பெய்யிற மாதிரி சத்தம் வரும், அதைக் கணக்கெடுக்க வேணாம். பீப் கேட்டா மட்டும் பட்டனை அமத்துங்க." இரைச்சலை இடது காதின் கேட்கும் எல்லைக்கு 10 டெசிபெல் மேலே தொடங்கி, பத்துப் பத்தாக ஏற்ற வேண்டும். இரைச்சல் ஏற ஏற வலது காதின் எண்ணும் கூடவே ஏறினால் இன்னும் இடதுதான் கேட்கிறது என்று பொருள். மூன்று படி ஏற்றியும் எண் அசையாமல் நின்றால் அதுவே உண்மை. இவருடைய எண் எங்கும் நிற்கவில்லை. 500 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரை 110 டெசிபெலிலும் வலது காதில் பதில் இல்லை.

மறைப்பு ஒலியை விட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். ஒரு காதுக்கு 10 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு காதின் காற்று வழி எண்களுக்கிடையே 40 டெசிபெல் வித்தியாசம் வந்த உடனேயே அது கட்டாயம். "மறைப்பு செய்யப்பட்டது" என்ற குறியீடு இல்லாத தாளை, எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற்கக் கூடாது. இன்னொரு குறுக்குச் சோதனையும் உண்டு: நடுக்காதின் அழுத்தத்தை அளக்கும் கருவி இவருக்கு இரண்டு பக்கமும் இயல்பான கூம்பையே காட்டியது. நடுக்காதில் நீர் இருந்தால் கோடு தட்டையாக இருந்திருக்கும்.

கூகைக்கட்டு என்று உறுதி செய்தது

வீக்கம் தொடங்கிய முதல் 3 நாட்களுக்குள் வந்திருந்தால் வாய்க்குள், மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே சுரப்பிக் குழாய் திறக்கும் இடத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் செய்திருக்கலாம். எடுக்கும் முன் கன்னத்தை வெளியிலிருந்து 30 செக்கன் பிசைந்துவிட வேண்டும். பிசையாமல் எடுத்த குச்சியில் வைரஸ் குறைவாகவே வரும். 17ஆம் நாளில் அதற்குக் காலம் கடந்துவிட்டது. இரத்தத்தில் கூகைக்கட்டு ஐஜிஎம் (அண்மையில் வந்த தொற்றைக் காட்டும்) எதிர்ப்பொருள் பார்த்ததில் இருப்பதாக வந்தது. கூடவே சிபிலிசுக்கும் பார்க்கப்பட்டது. மருந்தால் திருப்பக்கூடிய காரணம் என்பதால் திடீர்ச் செவிட்டுத்தன்மையில் அதை விடக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை.

நாள்கணக்கும் பொருந்தியது. கன்னம் வீங்குவதற்கு 4 நாள் முன்பிலிருந்து 18 நாள் பின்பு வரைக்குள் வரும் திடீர்க் கேட்புக் குறைவைக் கூகைக்கட்டோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். வீக்கமே இல்லாமல் வைரஸ் வந்து போகும் ஆட்களும் உண்டு. அவர்களில் ஒரு காது போனால் காரணம் தெரியாமலே கோப்பு மூடப்படும்.

வைரஸ் இரத்தத்தின் வழியாக உட்காதில் ஒலியை வாங்கும் நத்தைச்சுருளின் பக்கச் சுவரிலுள்ள இரத்தக் குழாய்ப் படலத்தை அடைகிறது. உட்காதின் மின்கலம் என்று சொல்லத்தக்க படலம் அது. அது கெட்டால் கேட்கும் மயிர்க்கலங்களுக்குச் சக்தி கிடையாது. 1979இல் திடீரெனச் செவிடான ஒருவரின் உட்காதுத் திரவத்திலிருந்து கூகைக்கட்டு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தொடர்புக்குக் கிடைத்த நேரடியான சாட்சி அது. ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு காதே போகும். போனால் பெரும்பாலும் முழுதாகப் போகும். எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு பழைய நூல்களில் 20,000 பேரில் ஒருவர். 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று வீட்டிலேயே பெற்றோர் விரலுரசிச் சோதிக்கும்படி செய்து, கூகைக்கட்டு வந்த சுமார் 7,400 பிள்ளைகளில் 7 பேரைக் கண்டது. அதாவது ஆயிரத்துக்கு ஒருவர் அளவு. தேடாததால்தான் பழைய எண் சிறியது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு காது போன சிறுபிள்ளை யாரிடமும் சொல்லாது.

சிகிச்சையும் அதன் வரம்பும்

72 மணிநேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபெலோ அதற்கு மேலோ குறைந்தால் திடீர் உட்காதுக் குறைபாடு. அதற்குரிய வழக்கமான மருந்து ஸ்டீரொய்ட்; முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் எதிர்பார்க்கலாம். இவர் அந்தக் கதவு மூடப்போகும் நேரத்தில் வந்தார். பிரெட்னிசொலோன் கிலோவுக்கு 1 மி.கி., உச்சம் நாளொன்றுக்கு 60 மி.கி. இவருக்கு 60.

5 மி.கி. மாத்திரையில் அது 12 மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரேயடியாக. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பன்னிரண்டு என்றதும் பயந்து மூன்று போடுவார்கள். அல்லது காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டு இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடப்பார்கள். எண்ணை வாயால் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். 10 நாள் முழு அளவு, பிறகு 50, 40, 30, 20, 10 என்று ஐந்து நாளில் இறக்கம். மருந்து தொடங்கிய 3ஆம் நாள் இரத்தச் சீனி பார்க்கப்பட்டது. சற்று ஏறி, மருந்து முடிந்ததும் இறங்கியது.

கூடவே செவிப்பறை வழியாக டெக்ஸாமெதசோன் ஊசி, இரண்டு வாரத்தில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் சுமார் அரை மி.லீ. 10 மி.கி./மி.லீ. அல்லது அதற்கு மேற்பட்ட செறிவு விரும்பத்தக்கது; நமது மருந்தகங்களில் எளிதில் கிடைக்கும் குப்பி 4 மி.கி./மி.லீ. என்பதால் முன்கூட்டியே தேடிவைக்க வேண்டும். மருந்தைக் கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவராமல் செலுத்தினால் அறை சுற்றும், நோயாளி அடுத்த ஊசிக்கு வரமாட்டார். செலுத்தியபின் 20 முதல் 30 நிமிடம் அந்தக் காது மேலே இருக்கப் படுத்து, பேசாமல், எச்சில் விழுங்காமல் இருக்க வேண்டும். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும்.

கூகைக்கட்டு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. காரணம் தெரியாத திடீர்ச் செவிட்டுத்தன்மையிலும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையால் பயன் காட்டப்படவில்லை. ஒரே பெரிய விலக்கு அக்கி: காது மடலின் குழிவில் சிறு கொப்புளம், முகம் ஒரு பக்கம் கோணல், காது வலி. அதற்கு அசைக்குளோவிர் 800 மி.கி. நாளுக்கு 5 தடவை, 7 நாள், ஸ்டீரொய்டோடு சேர்த்து, முடிந்தால் 72 மணிநேரத்துக்குள். ஆகவே திடீரென ஒரு காது போனவரின் மடலை டோர்ச் அடித்துப் பார்க்காமல் விடக் கூடாது. இவருக்குக் கொப்புளம் இல்லை, முகம் சமமாக இருந்தது.

6ஆம் வாரத்திலும் 3ஆம் மாதத்திலும் எடுத்த ஓடியோகிராம்களில் வலது காது மாறவில்லை. தலைச்சுற்று முற்றாகப் போயிற்று. மூளை இடது பக்கச் சமநிலை உறுப்போடு பழகிக்கொண்டது. 7ஆம் நாளே ஸ்டீரொய்ட் தொடங்கியிருந்தால் காது திரும்பியிருக்குமா என்றால், கூகைக்கட்டில் அந்த நம்பிக்கை மெல்லியது. முதல் நாளே தொடங்கியவர்களிலும் பலருக்குத் திரும்புவதில்லை. ஆனாலும் காரணம் தெரியாத திடீர்ச் செவிட்டுத்தன்மை இதே முகத்தோடுதான் வரும்; அதில் அந்தப் பத்து நாள் பெரிய விலை. கிளினிக் வாசலில் நிற்கும்போது இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது.

கர்ப்பத்தில் வரும் வைரஸ்கள்

வைரஸும் செவியும் என்றால் பெரிய பங்கு பிறப்புக்கு முன்னால் நடக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா பிள்ளையின் இரண்டு காதையும் பறிக்கும். இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கு ருபெல்லா ஊசி போடத் தொடங்கியபின் அந்தப் பிள்ளைகள் மிக அரிதாகிவிட்டார்கள். இன்று மரபுவழி அல்லாத பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு முதல் காரணம் சைட்டோமெகலோ வைரஸ். அதற்கு ஊசி இல்லை. பிறந்து 21 நாளுக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ பார்த்தால்தான் கர்ப்பத்தில் வந்தது என்று சொல்ல முடியும். 22ஆம் நாள் வந்த முடிவு பிறந்தபின் தொற்றியதாகவும் இருக்கலாம். பிறந்த உடன் செய்யும் செவிச் சோதனையில் தேறிய பிள்ளைக்கே இரண்டு மூன்று வயதில் காது குறையலாம் என்பதால், இந்த வைரஸ் கண்ட பிள்ளையைப் பாடசாலை வயது வரை தொடர்ந்து சோதிக்க வேண்டும்.

ஒரு காதோடு கொழும்பில்

இவருக்கு மிஞ்சிய சிக்கல் சத்தம் குறைவு அல்ல, திசை இல்லாமை. நம் வீதியில் நடைபாதையை விட்டு இறங்கியதும் முதலில் வாகனம் வருவது வலது பக்கத்திலிருந்து. செத்ததும் அதே காது. ஹோர்ன் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. காதை நம்பாமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக் கடக்கப் பழக்கப்பட்டார். கடையில் காசாளர் மேசை இடம் மாற்றப்பட்டது: வலது தோள் சுவர்ப்பக்கம், ஆட்கள் இடது பக்கம். திரீவீலில் வலது ஓரத்தில் ஏறினால் கூட வருபவர் இடது காதுக்கு வருவார்.

செத்த பக்கச் சத்தத்தை மைக் வழியே நல்ல காதுக்கு அனுப்பும் கருவி ஒன்றைப் பரீட்சார்த்தமாக இரண்டு வாரம் அணிந்தார். கடைக்குள் பயன்பட்டது, புறக்கோட்டை இரைச்சலில் அந்த இரைச்சலையும் சேர்த்து நல்ல காதுக்குள் கொட்டியது. திசை உணர்வைத் திருப்பித் தரக்கூடியது நத்தைச்சுருள் உட்பதியம் ஒன்றே, செலவு பெரிது. இப்போதைக்கு வேண்டாம் என்றார். இடது காது இனி ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு ஓடியோகிராம், ஆடிவேல் ஊர்வலத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, ஜென்டாமைசின் போன்ற, காதைக் கெடுக்கக்கூடிய ஊசி தேவைப்பட்டால் முதலில் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பணப்பையில் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறார்.

கூகைக்கட்டு அறிவிக்க வேண்டிய நோய். எச் 544 படிவம் 17ஆம் நாள்தான் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போனது. வீக்கத்துக்கு 2 நாள் முன்பிலிருந்து 5 நாள் பின்பு வரை தொற்றும் என்பதால், அதற்குள் கடையில் இன்னும் இருவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ஊசி போடாத மற்ற ஊழியர்களுக்கு எம்.எம்.ஆர். இரண்டு தடவை, 4 வார இடைவெளியில், பரிந்துரைக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே தொற்றியவரை அந்த ஊசி காப்பாற்றாது, அடுத்த சுற்றுக்குத்தான் உதவும். வீங்கிய இருவரையும் ஒவ்வொரு காலையும் இரண்டு காதிலும் போனை மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது, 18 நாள் வரை.